மரத்துக்கு அடியில் ஒரு பெயர்: ஜப்பானில் போன்சாய் தொட்டி செய்பவர்கள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

போன்சாய் என்ற சொல்லை ஜப்பானியர்கள் இரண்டு எழுத்துகளில் எழுதுகிறார்கள். முதல் எழுத்து ‘போன்’, ஆழமில்லாத தட்டு அல்லது தொட்டி என்று பொருள். இரண்டாவது ‘சாய்’, நடுதல். தட்டில் நட்டது, அவ்வளவுதான். மரம் என்ற சொல் அதில் இல்லவே இல்லை, தொட்டி இருக்கிறது, அதுவும் முதலில் இருக்கிறது.

ஆனால் ஒரு போன்சாய் படத்தைப் பார்த்தால் நம் கண் நேராக மரத்துக்குத்தான் போகிறது. வளைந்த அடிமரம், கிளைகளின் அடுக்கு, பாசி, வயது. படத்தை மூடிவைத்துவிட்டு, தொட்டி என்ன நிறத்தில் இருந்தது என்று யாராவது கேட்டால் பெரும்பாலோருக்கு நினைவிருக்காது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டி நினைவில் நிற்காமல் மரம் மட்டும் நின்றால், அதைச் செய்தவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்று பொருள் என்பது பின்னால்தான் புரிந்தது. இங்கே அந்த மனிதரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அவர் என்ன செய்கிறார், அது ஏன் அவ்வளவு கடினம், அப்படி ஒருவர் எப்படி வாழ்ந்தார் என்று.

முதலில் அடிப்படைக் கேள்வி. சாதாரணப் பூந்தொட்டிக்கும் போன்சாய் தொட்டிக்கும் என்ன வித்தியாசம்? ஆழம் குறைவு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆழம் குறைந்தால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரியாது. வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை எடுத்துத் தண்ணீரில் நன்றாக முக்கி, கையில் படுக்கைவாக்கில் பிடித்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் சொட்டிவிட்டு நின்றுவிடும். இப்போது அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள், மறுபடியும் தண்ணீர் கொட்டும். மண்ணும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. உயரமான தொட்டியில் தண்ணீர் தன் எடையாலேயே கீழே இறங்கிவிடும், தட்டையான தொட்டியில் அடிப்பகுதி மண் சொதசொதவென்று நனைந்தே கிடக்கும், வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகல் ஆரம்பிக்கும். ஆக, ஆழத்தைக் குறைத்த அந்த நிமிடமே தண்ணீர் வடியும் பிரச்சினை தொட்டி செய்பவரின் தலையில் வந்து விழுகிறது.

அதனால்தான் போன்சாய் தொட்டியின் அடியில் துளைகள் பெரிதாக இருக்கும், பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும். உட்புறத் தரை எங்கும் குழி விழாமல் இருக்க வேண்டும், ஒரு ஸ்பூன் தண்ணீர் தேங்கினாலும் குறைதான். நல்ல தொட்டியில் தண்ணீரை ஊற்றினால் அது தானாகத் துளையைத் தேடிப் போகும். அப்புறம் கால்கள். தொட்டியின் நான்கு மூலையிலும் இருக்கும் சின்னக் கால்களை அலங்காரம் என்றுதான் நாம் நினைப்போம், அழகாகவும் இருக்கும், மேகச் சுருள் போல வடித்த கால்களுக்குத் தனிப் பெயரே உண்டு. ஆனால் அவை இல்லாவிட்டால் தொட்டி பலகையோடு ஒட்டி உட்கார்ந்து துளைகளை அடைத்துவிடும். தண்ணீர் வெளியே போகவும் காற்று உள்ளே வரவும் அந்த விரலளவு இடைவெளிதான் வழி.

துளைகளுக்குப் பக்கத்தில் இன்னும் சின்னத் துளைகள் சில இருக்கும், அவை கம்பிக்கு. ஆழமில்லாத தட்டில் நட்ட மரம் காற்றடித்தால் சாய்ந்துவிடும், புதிதாக நட்ட வேர் மண்ணைப் பிடிப்பதற்குள் ஆட்டம் கண்டால் மரம் பிழைக்காது. அதனால் அடியிலிருந்து கம்பி விட்டு வேர்ப்பந்தைத் தொட்டியோடு சேர்த்துக் கட்டுவார்கள். உட்புறச் சுவரில் கண்ணாடிப் பூச்சு இருக்காது. வாய்ப்பகுதி, உள்ளே இருக்கும் இடத்தைவிடக் குறுகிவிடக் கூடாது என்பதிலும் கவனம் வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தை வெளியே எடுத்து வேரைக் கத்தரித்து மண் மாற்ற வேண்டும். குடம் மாதிரி வாய் குறுகியிருந்தால் வேர்ப்பந்து வெளியே வராது, ஒன்று வேரை அறுக்க வேண்டும், இல்லையென்றால் தொட்டியை உடைக்க வேண்டும். வாய் உள்நோக்கி மடிந்த அழகான தொட்டிகளும் இருக்கின்றன, அவற்றை வைத்திருப்பவர்கள் மண் மாற்றும் நாளில் படும் பாடு தனி.

கடைசியாகக் குளிர். ஜப்பானில் குளிர்காலத்தில் பல இடங்களில் மண்ணே உறைந்துபோகும், போன்சாயோ வெளியில் வாழும் மரம். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிவடைகிறது. நம் மண்பானை போலக் குறைந்த சூட்டில் சுட்டு, தண்ணீரை உறிஞ்சிக் கசியவிடும் தொட்டியாக இருந்தால், சுவருக்குள் புகுந்த அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்து ஓடு ஓடாகப் பெயர்த்துவிடும். பானையில் தண்ணீர் குளிர்வதற்கு நமக்குத் தேவைப்படும் அதே குணம் அங்கே தொட்டிக்கு எமன். எனவே 1100, 1200 டிகிரி செல்சியஸ் என்ற சூட்டில், மண் இறுகி ஏறக்குறையக் கல் ஆகும் வரை சுடுகிறார்கள்.

சரி, இப்போது செய்முறைக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

குயவர் என்றதும் சக்கரம்தான் நினைவுக்கு வரும். வட்டத் தொட்டிகளைச் சக்கரத்தில்தான் வனைகிறார்கள். ஆனால் போன்சாய் உலகில் அதிகம் தேவைப்படுவது செவ்வகமும் நீள்வட்டமும். செவ்வகத்தைச் சக்கரத்தில் வனைய முடியாது. மண்ணைச் சப்பாத்தி போல ஒரே கனத்தில் தட்டித் தகடாக்கி, கொஞ்சம் இறுகும் வரை காத்திருந்து, அளந்து வெட்டி, ஓரங்களைக் கீறிவிட்டு மண்குழம்பு தடவி ஒட்டி, தச்சர் பெட்டி செய்வதுபோலச் செய்ய வேண்டும். பார்க்க ரொம்ப எளிமையான வடிவம் அதுதான், ஆனால் கை நடுங்குவது அதில்தான். வட்டத்தில் சின்னக் கோணல் இருந்தால் கண் மன்னித்துவிடும். நேர்கோட்டில் இருக்கும் கோணலைக் கண் மன்னிப்பதில்லை.

கோணல் எங்கிருந்து வருகிறது? மண் காயும்போது சுருங்கும், சூளையில் இன்னும் சுருங்கும். மண்ணைப் பொறுத்து மொத்தம் 10 முதல் 15 சதவீதம் வரை போகலாம். 12 சதவீதம் சுருங்கும் மண்ணில் 30 சென்டிமீட்டர் தொட்டி வேண்டுமென்றால் பச்சையாக 34 சென்டிமீட்டருக்குச் செய்ய வேண்டும். அளவு மட்டும்தான் பிரச்சினை என்றால் கணக்குப் போட்டுச் சமாளித்துவிடலாம். ஆனால் எல்லா இடமும் ஒரே வேகத்தில் காயாது. விளிம்பு முதலில் காயும், அடிப்பகுதி பலகையில் ஒட்டிக்கொண்டு ஈரமாகவே இருக்கும், மூலைகளில் இரண்டு சுவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். விளிம்பு சுருங்கிவிட்டது, அடி இன்னும் சுருங்கவில்லை என்றால் நீண்ட சுவர் வளையும். மூலை இழுபட்டால் ஒட்டிய இடத்தில் மயிரிழை விரிசல் விழும், அது அப்போது கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து சூளையில் வாய் பிளக்கும். அதனால் துணியோ பிளாஸ்டிக்கோ போட்டு மூடி, திருப்பித் திருப்பி வைத்து, நாள்கணக்கில், பெரிய தொட்டி என்றால் வாரக்கணக்கில் மெதுவாகக் காயவிடுகிறார்கள். தொட்டி செய்பவருடைய வேலையில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புதான், அவர் எதுவும் செய்யாமல் இருப்பதுபோல வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும்.

சூளைக்குள் போன பிறகும் ஆபத்து தீரவில்லை. உச்சச் சூட்டில் மண் சற்றே இளகும், அப்போது நான்கு கால்களின் மேல் நிற்கும் அகலமான தொட்டியின் வயிறு நடுவில் தொங்கத் தொடங்கும். அது தொங்காமல் இருக்க அடியில் முட்டுக்கொடுக்க வேண்டும், அந்த முட்டையும் அதே மண்ணிலேயே செய்வது நல்லது, அப்போதுதான் தொட்டி சுருங்கும் அதே அளவுக்கு முட்டும் சுருங்கி, கடைசிவரை கூடவே இருக்கும். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. யாரும் பார்க்கப்போவதில்லை, சுட்டு முடிந்ததும் தூக்கி எறிந்துவிடுவார்கள், ஆனால் அந்த மண்துண்டு இல்லாமல் தொட்டியின் அடி நேராக நிற்காது.

பூச்சு பற்றி. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் மேல் இருக்கும் வழவழப்பான கண்ணாடி மாதிரிப் படலம்தான் கிளேஸ். சாம்பல், பாறைத்தூள், கொஞ்சம் உலோக ஆக்சைடு எல்லாம் சேர்த்துக் கரைத்துப் பூசிச் சுட்டால் அது உருகிக் கண்ணாடியாகிவிடும். கோபால்ட் நீலம் தரும். இரும்பு, எவ்வளவு சேர்க்கிறோம், நெருப்புக்குக் காற்று எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பொறுத்து, பழுப்பு, கறுப்பு, இளம்பச்சை என்று பல வேடம் போடும். செம்புதான் ஆச்சரியமானது, காற்று நன்றாகக் கிடைத்தால் பச்சை, சூளையை மூடி மூச்சுத்திணற வைத்தால் சிவப்பு. ஒரே பூச்சு, ஒரே சூளை, நெருப்பு விடும் மூச்சு மட்டும் வேறு. அடர்நீலத்துக்கு ‘ரூரி’ என்று பெயர். நீலத்தில் வெள்ளை வழிந்து திட்டுத்திட்டாகக் கலங்கிய பூச்சுக்கு ‘நமாக்கோ’, கடலட்டை என்று பொருள், அதன் தோல் அப்படித்தான் இருக்கும் என்பதால் வந்த பெயர்.

எந்த மரத்துக்கு எந்தத் தொட்டி? புதிதாக வருபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ‘ஹச்சி உட்சுரி’ என்ற ஒரு சொல்லைத்தான். ஹச்சி என்றால் தொட்டி. மரமும் தொட்டியும் ஒன்றின் மேல் ஒன்று ஒளி வீசுவதுபோலப் பொருந்தியிருப்பதை அப்படிச் சொல்வார்கள். நம்மூரில் நல்ல ஜோடிப் பொருத்தத்தைப் பார்த்துச் சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான். பைன், ஜூனிப்பர் போன்ற ஊசியிலை மரங்களுக்குப் பூச்சில்லாத பழுப்பு, செம்மண், கருஞ்சிவப்புத் தொட்டிகள். அவை வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும், முரட்டுப் பட்டை கொண்டவை, பளபளப்பு அவற்றுக்கு ஒட்டாது. இலையுதிர் மரங்களுக்கும் பூ, கனி மரங்களுக்கும் பூச்சுத் தொட்டி. செம்மஞ்சள் நிறத்தில் பழுத்துத் தொங்கும் குட்டிப் பெர்சிமன் மரத்தை நீலத் தொட்டியில் பார்த்தால் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இலையுதிர்காலத்தில் சிவக்கும் மேப்பிளுக்கு வெளிர் நிறமோ இளநீலமோ பொருந்தும்.

அளவுக்கும் சில கைக்கணக்குகள் உண்டு. தொட்டியின் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் ஏறக்குறைய அடிமரத்தின் பருமன் அளவு. இவை ஆரம்பத்துக்கு உதவும் கணக்குகள்தான், அனுபவசாலிகள் கண்ணை நம்பி மீறுவார்கள். பருத்த, முரட்டு மரத்துக்குக் கனத்த விளிம்பும் கூரான மூலைகளும் கொண்ட தொட்டி, மெலிந்து நெளிந்த மரத்துக்கு மென்மையான நீள்வட்டம். பாறை விளிம்பிலிருந்து அருவி போலத் தொங்கும் வடிவத்துக்கு மட்டும் ஆழமான தொட்டி, இல்லாவிட்டால் எடை தாங்காமல் முன்பக்கம் கவிழ்ந்துவிடும்.

இப்போது செய்பவரின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். மரம் அவரிடம் இல்லை. யாரோ ஒருவர் எங்கோ முப்பது வருடமாக வளர்த்துக்கொண்டிருக்கும் மரத்துக்கு, அதைப் பார்க்காமலே அவர் தொட்டி செய்கிறார். சிலர் மரத்தின் அளவுகளைக் கொடுத்துத் தனியாகச் செய்யச் சொல்வார்கள், ஆனால் பெரும்பாலும் தொட்டி முதலில் பிறக்கிறது, மரம் அதைத் தேடி வருகிறது. எனவே மரங்களைத் தெரியாதவர் நல்ல குயவராக இருக்கலாம், நல்ல போன்சாய் தொட்டி செய்பவராக இருக்க முடியாது என்றே எனக்குப் படுகிறது. தொட்டி தனியாக மேசையில் இருக்கும்போது கொஞ்சம் வெறுமையாகத் தெரிய வேண்டும். தனியாகவே முழுமையாகத் தெரிந்தால் அதில் மரத்துக்கு இடமில்லை.

இந்தத் தொட்டிகள் ஆதியில் ஜப்பானில் பிறந்தவை அல்ல. தட்டில் குட்டி மரம் வளர்க்கும் பழக்கமே சீனாவிலிருந்து போனது. ஜப்பானில் 1309-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு படச்சுருளில் தட்டுகளிலும் கிண்ணங்களிலும் வைத்த சிறு மரங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. பின்னாளில் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் இருக்கும் யிஷிங் நகரத்திலிருந்து, அதன் புகழ்பெற்ற கருஞ்சிவப்பு மண்ணில் செய்த தொட்டிகள் கப்பலேறி வந்தன. கடல் கடந்து வந்த அந்தத் தொட்டிகளை ஜப்பானியர்கள் காலவாரியாகப் பிரித்து, பழைய வரவு, நடு வரவு, புது வரவு என்ற பொருளில் பெயரிட்டு அழைக்கிறார்கள். பழைய வரவுகள் இன்றும் பெரும் மதிப்புள்ளவை, பெரிய கண்காட்சிகளில் பெயர்பெற்ற பைன்களின் கீழே அவைதான் உட்கார்ந்திருக்கும்.

ஜப்பானுக்குள் தொட்டி என்றால் முதலில் சொல்ல வேண்டிய ஊர் டோக்கோனாமே. ஐச்சி மாநிலத்தில், சிட்டா தீபகற்பத்தின் மேற்குக் கடற்கரையில் இருக்கிறது. இன்று நகோயாவின் பன்னாட்டு விமான நிலையம் அந்த ஊரின் கரைக்கு எதிரே கடலைத் தூர்த்துக் கட்டிய தீவில்தான் இருக்கிறது. ஜப்பானின் ஆறு பழம்பெரும் சூளை ஊர்களில் ஒன்று அது, 12-ஆம் நூற்றாண்டிலிருந்து மண் வேலை நடக்கிறது. இரும்புச்சத்து மிகுந்த மண், பக்கத்திலேயே கடல், செய்ததை ஏற்றிவிடக் கப்பல். பெரிய பெரிய தாழிகள் அங்கிருந்து போயின. மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) ஜப்பான் நவீனமானபோது கழிவுநீர்க் குழாய்கள் தேவைப்பட்டன, டோக்கோனாமே சுடுமண் குழாய்களைச் செய்து குவித்தது. அந்தக் குழாய்களையும் பழைய மது ஜாடிகளையும் அடுக்கிக் கட்டிய சுவர்களுக்கு நடுவே ஒரு சரிவுப் பாதை இன்றும் ஊருக்குள் இருக்கிறது. 1878-இல் ஜின் ஷிஹெங் என்ற சீனக் கலைஞரை வரவழைத்து யிஷிங் முறையில் தேநீர்க் குடுவை செய்யக் கற்றுக்கொண்டார்கள், அந்தச் சிவப்பு மண் குடுவைதான் இன்று ஊரின் அடையாளம். 1887-இல் கட்டி 1974 வரை எரிந்த ஒரு ஏறுசூளை, மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் எட்டு அறைகளும் மேலே வரிசையாகப் பத்துப் புகைபோக்கிகளுமாக, அங்கே பாதுகாக்கப்பட்டு நிற்கிறது.

இப்படிக் குழாய், ஜாடி, குடுவை என்று எல்லாம் செய்து பழகிய கைகளுக்கு, தட்டையான, கனமான, குளிரைத் தாங்கும் போன்சாய் தொட்டி புதிதாக இருந்திருக்காது. ஜப்பானியத் தொட்டி என்றாலே டோக்கோனாமே என்று இன்று சொல்லுமளவுக்கு அந்த ஊர் வளர்ந்துவிட்டது. யமாஅக்கி, கோயோ போன்ற சூளைப் பெயர்கள் போன்சாய்க்காரர்களுக்கு நன்றாகப் பழகிய பெயர்கள். அங்கே செய்பவரைச் சொந்தப் பெயரைவிடச் சூளைப் பெயரால்தான் அதிகம் குறிப்பிடுவார்கள், அப்பாவுக்குப் பின் மகன் அதே பெயரில் முத்திரை குத்துவதும் உண்டு.

ஆனால் ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்துச் சொல்ல வேண்டுமென்றால் நான் கியோட்டோவுக்குத்தான் போவேன்.

மிசுனோ கிசாபுரோ என்பது அவர் இயற்பெயர். 1890-இல் பிறந்து 1970-இல் இறந்தார். போன்சாய் உலகம் அவரை ஹெய்யான் டோஃபுக்குஜி என்று அழைக்கிறது. ஹெய்யான் என்பது கியோட்டோவின் பழைய பெயர், அந்த ஊர்த் தொட்டிக் கலைஞர்கள் பலர் அதைத் தங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வார்கள். டோஃபுக்குஜி என்பது 1236-இல் நிறுவப்பட்ட ஒரு ஜென் கோயில், இலையுதிர்காலத்தில் அதன் மேப்பிள் மரங்களைப் பார்க்கப் பெருங்கூட்டம் வரும். அவர் அந்தக் கோயிலை ஒட்டிய பகுதியில் வாழ்ந்தார், குடியிருந்த இடத்தின் பெயரே அவருக்குக் கலைப்பெயர் ஆகிவிட்டது.

அவரிடம் சொந்தமாகச் சூளை கிடையாது. இதைக் கேட்டதும் எனக்கு ரொம்ப நேரம் வேறெதுவும் ஓடவில்லை, தொட்டி செய்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்குச் சுடுவதற்குச் சொந்த இடம் இல்லை. அன்றைய கியோட்டோவில் ஏறுசூளைகளைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்வது வழக்கம். ஒரு சூளையைக் கட்டி எரிக்க ஆகும் விறகுச் செலவு தனியாளுக்குக் கட்டுப்படியாகாது, எனவே அறையில் இத்தனை இடம் எனக்கு என்று வாடகை கொடுத்து உருப்படிகளை வைப்பார்கள். கோஜோசாக்கா பகுதியில் கவாய் கன்ஜிரோ என்ற புகழ்பெற்ற குயவரின் வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது, அதன் பின்கட்டில் எட்டு அறைகள் கொண்ட அப்படி ஒரு கூட்டுச் சூளையை இன்றும் பார்க்கலாம். டோஃபுக்குஜி இப்படி அடுத்தவர் சூளைகளில் கிடைத்த இடத்தில் தன் சின்னத் தொட்டிகளை வைத்துச் சுட்டு வாங்கினார். பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கும் தொட்டிகள். கையடக்க மரங்களுக்கான ‘ஷோஹின்’ வகை.

சூளை ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. ஒன்றில் நெருப்பு வேகமாக ஏறும், ஒன்றில் புகை தங்கும், ஒரே அறையிலேயே நெருப்பு வாய்க்குப் பக்கத்தில் வைத்ததும் சுவரோரம் வைத்ததும் இரண்டு விதமாக வெளிவரும். சொந்தச் சூளை வைத்திருப்பவர் அதன் குணத்தைப் பழகிக்கொண்டு ஒரே மாதிரி நூறு தொட்டி எடுக்கலாம். டோஃபுக்குஜிக்கு அது வாய்க்கவில்லை. இதனாலேயே அவருடைய தொட்டிகளில் மண்ணும் பூச்சும் நிறமும் அவ்வளவு விதவிதமாக இருக்கின்றன என்று சொல்கிறார்கள். பச்சை ஓடி நீலத்தில் கலந்தது, சிவப்பு வரவேண்டிய இடத்தில் பாதி சிவந்து பாதி வெளுத்தது, இப்படி நெருப்பு தன் விருப்பத்துக்குச் செய்த மாற்றங்களுக்கு ‘யோஹென்’ என்று பெயர், அதைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

வாழ்ந்த காலத்தில் அவர் ஏழையாகவே இருந்தார். இன்று ஜப்பானின் தலைசிறந்த போன்சாய் தொட்டிக் கலைஞர் யார் என்று கேட்டால் பலர் முதலில் சொல்லும் பெயர் அவருடையது, விரல்நீளத் தொட்டி ஒன்று லட்சக்கணக்கான யென்னுக்குப் போகிறது, போலிகளும் சந்தையில் உலவுகின்றன. வறுமைதான் அந்தக் கலையைத் தந்தது என்று எழுதுபவர்கள் உண்டு, எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. கலையைத் தந்தது அவர் கண்ணும் கையும். வறுமை அவரிடமிருந்து சூளையை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். சொந்தச் சூளை ஒன்று இருந்திருந்தால், எண்பது வருட வாழ்க்கையில் இன்னும் என்னென்ன செய்து பார்த்திருப்பாரோ.

இன்றைய நிலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இப்போது பெரும்பாலும் மின்சாரமும் எரிவாயுவும்தான், நகரங்களில் விறகுப் புகைக்கு இடமில்லாமல் போய்விட்டது. பிளாஸ்டர் அச்சில் மண்ணை ஊற்றியோ அழுத்தியோ செய்யும் தொட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன, மரத்தை வளர்த்து உருவாக்கும் வருடங்களுக்கு அவை நன்றாகவே போதும். தொடக்கக்காரர்கள் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஜப்பானில் தேர்ந்தவர்களே வளர்ப்புக்கு ஒன்று, காட்சிக்கு ஒன்று என்று தொட்டியைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 1934-இல் தொடங்கிய கொகுஃபு என்ற போன்சாய் கண்காட்சி டோக்கியோவின் உவேனோவில் பிப்ரவரியில் நடக்கும், அதற்கு முன்னால் பல மரங்கள் தங்கள் வேலைநாள் தொட்டியிலிருந்து நல்லநாள் தொட்டிக்கு மாறும். கையால் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் வயதாகிக்கொண்டு வருகிறார்கள், பல பட்டறைகளில் அடுத்து உட்கார ஆளில்லை. ஒரு செவ்வகத் தொட்டி வளையாமல் வருவதற்குக் கை பழகப் பல ஆண்டுகள் ஆகும், அந்த ஆண்டுகளில் வருமானம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

ஒன்று விட்டுப்போயிற்று. புதுத் தொட்டிக்கு ஒரு மினுமினுப்பு இருக்கும், ரசிகர்களுக்கு அது பிடிக்காது. மழையும் வெயிலும் தண்ணீர் ஊற்றும் கையும் பட்டுப் பட்டு, பத்து இருபது வருடங்களில் அந்த மினுமினுப்பு அடங்கி, பூச்சில்லாத மண் எண்ணெய் தேய்த்த பழைய மரத்தூண் மாதிரி ஒரு ஆழ்ந்த மெருகைப் பெறும். இதை ‘ஜிதாய்’ என்கிறார்கள், காலம் என்றுதான் பொருள். அவசரக்காரர்கள் எண்ணெய் தடவிப் பார்ப்பதுண்டு, தெரிந்தவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். செய்தவர் சூளையிலிருந்து எடுத்த அன்று அந்தத் தொட்டி பாதிதான் முடிந்திருக்கிறது. மீதியை அதை வைத்திருப்பவர் தினமும் தண்ணீர் ஊற்றி முடிக்கிறார், பல நேரங்களில் செய்தவர் அதைப் பார்க்க இருப்பதில்லை.

கடைசி வேலை முத்திரை குத்துவது. மண் இறுகி, ஆனால் இன்னும் காயாமல் இருக்கும்போது, தொட்டியைக் கவிழ்த்து அடியில், கால்களுக்கு நடுவே, தன் பெயரைச் சின்னச் சதுரமாக அழுத்துவார். சிலர் கத்தி நுனியால் கையெழுத்தாகவே கீறுவார்கள். பெரும்பாலும் அடியில்தான். தொட்டி வாங்குபவர் கையில் எடுத்ததும் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பது இதற்காகத்தான். அப்புறம் மண் போட்டு, கம்பி கட்டி, மரம் ஏறி உட்கார்ந்துவிட்டால் அந்தப் பெயர் கீழே போய்விடும். இளம் மேப்பிள் என்றால் இரண்டு வருடம், வயதான பைன் என்றால் ஐந்து வருடமோ அதற்கு மேலோ. வசந்தம் தொடங்கும் நேரத்தில் ஒரு காலை, யாரோ மரத்தை வெளியே எடுத்து வேரைச் சீவிவிட்டு, காலித் தொட்டியைத் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வைப்பார்கள். அது காயும் வரைக்கும் அவர் பெயர் வெளிச்சத்தில் இருக்கும்.